கண்ணில் படாத குப்பையும் கணக்கெடுத்த மனிதர்களும்

சிங்கப்பூரில் குப்பை கண்ணில் படுவதில்லை. பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சமையலறையில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து பையைத் தள்ளிவிட்டால் அது பல மாடி இறங்கி இருட்டுக்குள் விழுந்துவிடுகிறது. நாம் எழுந்து பல் துலக்குவதற்குள் துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் கீழேயிருந்து அதை இழுத்துப் போய்விடுகிறார். ஊரே துடைத்து வைத்தாற்போல் இருப்பதால், சுற்றுச்சூழலைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் "நமக்கு என்ன குறை?" என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் இத்தனை சுத்தமான ஊர் தன் குப்பையை அடியோடு மறந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

அந்தப் பை எங்கே போகிறது? எரியாலைக்கு. எரித்தால் பருமன் 90 விழுக்காடு வரை குறையும். மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாதவையும் துவாஸில் சரக்குப் படகேறித் தெற்கே புலாவ் செமக்காவுக்குப் போகின்றன. லோரோங் ஹாலூஸ் குப்பைமேட்டை மூடிய பிறகு, 1999 ஏப்ரல் 1 முதல் செமக்காவ்தான் நமக்குக் கதி. கடலுக்குள் 7 கிலோமீட்டருக்குக் கல்லணை கட்டி 350 ஹெக்டர் பரப்பை வளைத்து உருவாக்கிய இடம் அது. அங்கே நாற்றமே இல்லை, கண்டல் மரங்களும் கடற்புல்லும் செழிக்கின்றன என்று போய்வந்தவர்கள் வியந்து சொல்வார்கள். உண்மைதான், பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று அரசாங்கமே கணக்குச் சொல்கிறது. நாட்டில் வேறு குப்பை நிரப்புமிடம் கிடையாது. இன்று தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பையன் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணிக்குப் போகும் காலத்துக்குள் அது நிரம்பிவிடும்.

இந்தத் தீவில் காடோ கடற்கரையோ பிழைத்த ஒவ்வொரு கதையையும் எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் யாரோ சிலர் நேரில் போயிருப்பார்கள். பார்த்ததை எழுதி வைத்திருப்பார்கள். கூட்டமும் கோரிக்கையும் அதற்குப் பிறகு வந்தவை.

சுங்கை பூலோவையே எடுத்துக்கொள்வோம். 1986இல் அது வடமேற்கு மூலையில் கிடந்த பழைய இறால் குட்டைகள். வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்டிருந்த நிலம். பறவை பார்க்கப் போன ரிச்சர்ட் ஹேல் அந்தச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைக் கூட்டத்தைக் கண்டார். பவளக்காலி, உப்புக்கொத்தி, உள்ளான் என்று வடக்கே குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அவை. கோடியக்கரைக்குப் போயிருப்பவர்களுக்குப் பவளக்காலியின் சிவந்த கால்கள் நன்றாக நினைவிருக்கும். அன்று மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையாக இருந்த அமைப்பின் உறுப்பினர்கள் பறவைகளைப் பதிவு செய்து, நிலத்தை அப்படியே விட வேண்டியதற்கான காரணங்களை அறிக்கையாக்கி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் அது சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது.

அந்தக் குழுவில் சுபராஜ் ராஜதுரை இருந்தார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்கு ஏன் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம். காட்டிலேயே நடந்து, காட்டிடமே கற்றவர் அவர். குரலை வைத்தே பறவையைச் சொல்லிவிடுவார். 1992இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக் காட்டில் கோல்ஃப் மைதானம் அமைக்கும் யோசனை வந்தபோது, இயற்கைச் சங்கம் தானே முன்வந்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. இப்படியான பல முயற்சிகளில் உடன் நின்ற சுபராஜ் 2019 அக்டோபரில் காலமானார். பறவை பார்ப்பதும் காட்டில் நடப்பதும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு, நமக்கானது அல்ல என்று நம் வீடுகளில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அவரைப் பற்றித் தெரிந்திருந்தால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

செக் ஜாவாவின் கதை இன்னும் நெருக்கடியானது. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில், கடல் வற்றும்போது மட்டும் வெளிப்படும் மணல்திட்டும் கடற்புல் வெளியும் அது. அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்குவது முடிவாகிவிட்டிருந்தது. தாவரவியலாளர் ஜோசப் லாய் அதன் அருமையை எடுத்துச் சொல்லத் தொடங்கிய பிறகு, தொண்டூழியர்களும் அருங்காட்சியக ஆய்வாளர்களும் வற்றுநேரம் பார்த்துப் போய், கயிறு கட்டி அளந்து, நட்சத்திர மீன்களையும் கடற்சாமந்திகளையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அப்போது அவர்களுக்கு இடம் தப்பிக்கும் என்ற நம்பிக்கைகூடப் பெரிதாக இல்லை. அழியப்போவது இன்னதென்று ஒரு பதிவாவது இருக்கட்டும் என்றே பலர் போனார்கள். செய்தி பரவி மக்கள் குடும்பம் குடும்பமாகப் பார்க்க வந்தார்கள். 2001 டிசம்பரில் தூர்க்கும் பணி ஒத்திவைக்கப்பட்டது. 2007 தொடக்கத்தில் ஜோகூர் வெள்ளம் ஆற்று நீரை அள்ளி வந்து கொட்டியதில் கடலின் உப்பு குறைந்து அங்கே உயிர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முன்பு எது எவ்வளவு இருந்தது என்ற பதிவு இருந்ததால்தான் இழப்பையும் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்ததையும் சொல்ல முடிந்தது. ஒத்திவைப்பு என்பது நிரந்தரப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செக் ஜாவாவைப் பற்றி நாம் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இயக்கம் சிங்கப்பூரில் 1992 முதல் நடக்கிறது. அதைப் பல்லாண்டு ஒருங்கிணைத்தவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் என். சிவசோதி; நீர்நாய்களைப் பற்றி ஓயாமல் பேசி எழுதியே புகழ்பெற்றவர். இந்தத் துப்புரவில் எனக்குப் பிடித்தது, வெறுமனே பொறுக்கிவிட்டு வர விடமாட்டார்கள் என்பது. குழுவுக்கு ஒருவர் கையில் படிவம் இருக்கும். ஒவ்வொரு பொருளையும் வகை பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும்.

நான் போவது லிம் சூ காங் பக்கத்துக் கண்டல் காட்டுக்கு. நீர் வற்றும் நேரத்துக்கு ஏற்பத்தான் புறப்பாடு. காலைச் சாப்பாட்டு நேரத்தைக் கடல் பொருட்படுத்துவதில்லை. சேற்றில் முதல் அடி வைத்ததும் கணுக்கால் புதையும். சுற்றிலும் பென்சில் நட்டுவைத்ததுபோல் மூச்சுவேர்கள். அவற்றின் இடுக்கில்தான் எல்லாம் சிக்கியிருக்கும்: எண்ணெய்ப் போத்தல், ஒற்றைச் செருப்பு, கயிற்றுச் சுருள், மீன் பண்ணையிலிருந்து பிய்ந்து வந்த நீல பிளாஸ்டிக் பீப்பாயின் துண்டு, பானம் குடித்த குவளை, நம் கடைகளில் விற்கும் மிளகாய்த்தூள் பொட்டலம். இவற்றைக் கையால் எடுத்துவிடலாம். மீன் பெட்டியின் வெள்ளை நுரைப் பலகைதான் கொடுமை. தொட்டவுடன் உதிர்ந்து, ஜவ்வரிசி அளவு மணிகளாகச் சேற்றோடு கலந்துவிடும். ஒரு முழம் பரப்பைச் சுத்தமாக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். பக்கத்திலேயே சேற்றுத்தாவி மீன் ஒன்று அந்த மணிகளின் மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை என் குழுவில் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் இருந்தார். வேலையே கடற்கரை துப்புரவுதான். விடுமுறை நாளில் விடுதி நண்பர்களோடு வந்திருந்தார். மாணவர் ஒருவர் வாரியால் குப்பையை இழுத்தபோது அவர் தடுத்தார். "வாரி போடாதீர்கள், இளங்கன்று வேரோடு வந்துவிடும். கையால் எடுங்கள்" என்றார். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் குப்பை வந்து குவியும் என்றும், அந்த மாதங்களில் இடுப்பு நிமிர நேரமிருக்காது என்றும் சொன்னார். "அக்கா, காலையில் நடக்க வருபவர்கள் நாங்கள் வாரிய பிறகுதான் வருகிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நம் ஊரின் கடல் குப்பையைப் பற்றி அவரைப்போன்ற தொழிலாளர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சுற்றுச்சூழல் கூட்டங்களில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தமிழிலும் வங்காளத்திலும் பேச வைக்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அவர்கள் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை 2020இல் பார்த்தோம். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முடக்கம். புல்வெட்டும் வேலை நின்றுபோனது. எங்கள் வட்டாரக் கால்வாய் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. தொட்டாற்சுருங்கி பூத்தது, வெட்டுக்காயப் பூண்டு பூத்தது, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. தினைக்குருவிகள் புல்விதை கொத்தின. நகரம் முழுவதும் இதே காட்சிதான். பலர் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். பல்லாண்டுகளாக நாம் பசுமை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒட்ட வெட்டிய புல்தரையில் பூச்சிக்கு உணவே இல்லை என்பது எனக்கு அந்த இரண்டு மாதத்தில்தான் உறைத்தது. அதற்காகத் தொழிலாளர்கள் விடுதியில் அடைபட்டுக் கிடந்ததை நல்லதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெட்டு இயந்திரம் மீண்டும் வந்த பிறகும், கால்வாய்ச் சரிவில் ஒரு பட்டையை மட்டும் வெட்டாமல் விட முடியுமா என்று எங்கள் குடியிருப்பாளர்கள் சிலர் சேர்ந்து கேட்டோம். பாம்பு வரும், கொசு வரும் என்று எதிர்ப்பு வந்தது. கொசு தேங்கிய நீரில்தான் முட்டையிடும், புல்லில் அல்ல என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டுவதுதான் டெங்கிக்கு மருந்து.

இனி வீட்டுக்குள் வருகிறேன்.

வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 2018இல் 22 விழுக்காடு. 2023இல் 12. பழைய தாளின் ஏற்றுமதி விலை சரிந்து, வாசலுக்கு வந்து பேப்பர் வாங்கும் காராங்குனிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போனது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மிச்சமிருப்பது புளோக்கின் அடியில் நிற்கும் நீலத் தொட்டி. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாது. ஏன் என்று அறியத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாலே போதும். தாள், போத்தல், டின் எல்லாம் ஒன்றாகப் போடும் தொட்டி அது. பாதி குடித்த தேநீர்க் குவளையோ குழம்பு ஒட்டிய பையோ உள்ளே விழுந்தால், அதன் ஈரம் அட்டைப் பெட்டிகளில் ஊறி, நல்ல தாளும் எரியாலைக்குப் போகும். தலையணை, பழைய செருப்பு, நுரைப் பெட்டி எல்லாம் எங்கள் தொட்டியில் கிடந்திருக்கின்றன. அண்டை வீட்டு மலாய் அம்மாவும் நானும் நான்கு மொழியிலும் படம் போட்டு அறிவிப்பு எழுதி ஒட்டினோம். அடுத்த வாரங்களில் நுரைப் பெட்டி குறைந்தது. தேநீர்க் குவளை குறையவில்லை. சரி, குறையும்வரை சொல்வோம்.

காசு பேசினால் பழக்கம் மாறும் என்பதை மறுக்க மாட்டேன். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. அன்றிலிருந்து தோளில் துணிப்பை மாட்டிய தாத்தாக்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம். போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை வாங்கி, திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பும் ஏற்பாட்டுக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். நான் இதை மனமார வரவேற்கிறேன். கண்டல் வேரிலிருந்து பிடுங்கிய போத்தல்கள் ஒவ்வொன்றும் என் கண்முன் நிற்கின்றன.

ஆனால் நம் வீட்டுக் குப்பையின் கனத்தில் பெரும்பங்கு சாப்பாடுதான். 2023இல் நாடு வீசியெறிந்த உணவு 7 லட்சத்து 55 ஆயிரம் டன். அதில் மறுபயன் கண்டது 18 விழுக்காடு. தமிழ்ச் சமையலறை இதில் ஒருவகையில் கொடுத்துவைத்தது. வாழைக்காய்த் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, புளிச்சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, தேயிலை எல்லாமே மண்ணாக மாறக்கூடியவை. நான் இவற்றை மூடிபோட்ட வாளியில் சேர்த்து எங்கள் சமூகத் தோட்டத்து உரத்தொட்டிக்குக் கொண்டுபோகிறேன். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் வந்த தோட்டம். ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போட்டு மூடினால் நாற்றம் வராது. இலை குறைந்தால் அன்றே ஈ மொய்க்கும். அரிசி கழுவிய நீர் நேராகச் செடிக்கு. சீனப் பாட்டி ஒருவர் வளர்க்கும் கீரைக்கும் என் வெண்டைக்கும் ஒரே உரம்.

கடையில் வாங்கும் சாப்பாட்டில்தான் பெரும் போராட்டம். தேக்காவில் ஒரு சாப்பாடு கட்டச் சொன்னால் சாம்பாருக்கு ஒரு பை, ரசத்துக்கு ஒரு பை, மோருக்கு ஒரு பை, அப்பளத்துக்கு ஒரு பை, எல்லாவற்றையும் போட இன்னொரு பை. எண்ணெய் படிந்த அந்தப் பைகளில் ஒன்றுகூட மறுசுழற்சிக்கு ஆகாது. நான் டிபன் கேரியரோடு போவேன். கடைக்காரருக்குத் தயக்கம் இருக்கும்; என் பாத்திரத்தில் அளவு தெரியாது, நாளை வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் பழி அவர்மேல். அவர் பக்கத்து நியாயம் அது. கூட்டமில்லாத நேரத்தில் போய், அளவுக் கரண்டியால் எத்தனை ஊற்றுவாரோ அதையே ஊற்றச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சிரித்த முகத்தோடு போட்டுக் கொடுக்கிறார்கள். இப்போது ஒரு கடையில் அண்ணன் என்னைக் கண்டதும் பையை எடுத்த கையைக் கீழே போட்டுவிடுகிறார்.

நம் விசேஷங்களையும் சொல்லியாக வேண்டும். வாழை இலையில் சாப்பிட்டுப் பழகிய இனம் நாம். அந்த இலையைவிடச் சுத்தமான தட்டு உலகில் கிடையாது. வளைகாப்புக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் நுரைத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் சிறு தண்ணீர்ப் போத்தலும் வந்துவிட்டன. இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்த போத்தல்கள் மேசை நிறைய நிற்கும். என் அக்கா மகளின் வளைகாப்பில் எவர்சில்வர் டம்ளரும் ஒரு பெரிய அண்டாத் தண்ணீரும் வைத்தோம். கழுவ ஆள் வேண்டும் என்று பெரியம்மா கவலைப்பட்டார். பிள்ளைகளையே முறைபோட்டுக் கழுவ வைத்தோம். அவர்களுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களிலும் இதைச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்தர் நின்று குடிக்கும் இடத்தில் டம்ளர், நடந்துகொண்டே குடிப்பவருக்குச் சொந்தப் போத்தலில் நிரப்பிக்கொள்ளக் குழாய். காவடி சுமப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம். அந்தப் புண்ணியத்துக்குப் பின்னால் ஒரு லாரி குப்பை போக வேண்டியதில்லை.

கடைசியாக, என் வீட்டு வாசலிலேயே இருக்கும் கடினமான விஷயம்: தெங்கா. சுவா சூ காங்கிலிருந்து பார்த்தால் தெரிந்த அந்தக் காட்டில் இப்போது பளுதூக்கிகள் நிற்கின்றன. சுமார் 700 ஹெக்டர் நகரம். 2016இல் திட்டத்தை அறிவித்தபோது இதைக் காட்டு நகரம் என்றார்கள். நடுவே 5 கிலோமீட்டர் நீளத்துக்கு 100 மீட்டர் அகலத்தில் காட்டுப் பாதை விடுகிறார்கள். இயற்கைச் சங்கம் இன்னும் அதிகமான காட்டை விட்டுவைக்கக் கேட்டது. அது கன்னிக்காடு அல்ல, பழைய கிராமங்களும் செங்கல் சூளைகளும் இருந்த நிலத்தில் தானாக வளர்ந்தது என்பது மறுதரப்பின் வாதம். தானாக வளர்ந்த காட்டிலும் அலங்கு எனும் எறும்புத்தின்னி வாழ்கிறது, ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. 100 மீட்டர் போதாது என்பதே என் கருத்து; இதை எவரிடமும் சொல்வேன். அதே தெங்காவில்தான் என் அக்கா மகனும் மருமகளும் பல ஆண்டு காத்திருந்து வீடு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காட்டை விட்டுவைத்து ஏற்கெனவே கான்கிரீட் போட்ட நிலத்தில், கோல்ஃப் மைதானங்களில், இன்னும் நெருக்கமாகக் கட்ட வழி தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

சாவி வாங்கியபோது அவனிடம் ஒன்று சொன்னேன். அந்த 100 மீட்டர் காட்டுப் பாதையில் உண்மையில் எது நடமாடுகிறது என்று அங்கே குடியேறுபவர்கள்தான் தினமும் பார்க்க முடியும். அவன் சிரித்துவிட்டுப் போனான். சில மாதம் கழித்து அவர்கள் புளோக் அண்டை வீட்டார் சேர்ந்து ஞாயிறு காலைகளில் நடக்கத் தொடங்கியதாகச் சொன்னான். பார்த்ததை நாள், நேரம், இடத்தோடு கைப்பேசியில் குறிக்கிறார்கள். செம்போத்து, காட்டுக்கோழி, வெண்மார்பு மீன்கொத்தி, ஒருநாள் சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்த மரநாய். பட்டியலை யாரிடம் கொடுப்பது, சித்தி என்று கேட்டான். இயற்கைச் சங்கத்துக்கும் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் தனித்தனியாக அனுப்பச் சொன்னேன். மரநாய் அடிபட்ட இடத்தை நகர மன்றத்துக்கும் எழுதச் சொன்னேன். அந்த வளைவில் வேகத்தடை போட முடியுமா என்று கேட்டு அவர்கள் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.